கருஞ்சீரகமும் தைமோகுயினோனும்: மருந்தகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களுவாஞ்சிகுடிக்கும் கல்முனைக்கும் இடைப்பட்ட கரையோர வீதியில் உள்ள மருந்தகம் ஒன்றில் மருந்தாளராகப் பணிபுரியும் எனக்கு, கருஞ்சீரகத்தைப் பற்றிய கேள்வி வராத வாரமே இல்லை எனலாம். பெரியகல்லாற்றிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும், மருதமுனையிலிருந்து வரும் நெசவாளரும், காத்தான்குடியில் மளிகைக்கடை வைத்திருப்பவரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களையே கேட்கின்றனர். மாத்திரைகளை எடுத்துக் கொடுக்கும் இரண்டு நிமிடத்தில் இவற்றுக்கு முழுமையாகப் பதில் சொல்ல முடிவதில்லை. ஆகையால் அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதில்களைச் சற்று விரிவாகத் தொகுத்திருக்கிறேன்.

கருஞ்சீரகத்தில் இருக்கும் தைமோகுயினோன் உடலில் மெய்யாகவே வேலை செய்யக்கூடிய பொருள் என்பதில் எனக்கு ஐயமில்லை. வேலை செய்யும் எந்தப் பொருளுக்கும் ஓர் அளவும், ஒத்துப்போகாத மருந்துகளும், கொடுக்கக்கூடாத ஆட்களும் உண்டு. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த எண்ணத்தோடுதான் எழுதப்பட்டுள்ளன.

கருஞ்சீரகம் எண்டா சின்னச்சீரகத்தின்ட கறுப்புச் சாதிதானே?

இல்லை. சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், கொத்தமல்லி, ஓமம் ஆகிய நான்கும் குடைபோன்ற பூங்கொத்து விடும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கருஞ்சீரகம் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் தாவரவியல் பெயர் நைஜெல்லா சட்டைவா. பூ வெளிர்நீலமாகவோ வெள்ளையாகவோ இருக்கும். விதைகள் ஓர் உறைக்குள் அடுக்கடுக்காக விளையும். சிங்களத்தில் கலுதுரு என்று கேட்டால் இதே விதையைத் தருவார்கள். கறுப்பு எள்ளுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.

போத்தல்ல தைமோகுயினோன் எண்டு பெரிசாப் போட்டிருக்காங்களே, அது என்ன சாமான்?

கருஞ்சீரகத்தை விரலால் நசுக்கினால் எழும் காரமான மணத்தோடு சேர்ந்து வரும் ஆவியெண்ணெயின் முக்கிய கூறு அது. விதையில் இரண்டு வகை எண்ணெய்கள் இருக்கின்றன. செக்கில் பிழிந்தால் வரும் கொழுப்பெண்ணெய் விதையின் நிறையில் ஏறக்குறைய 30 முதல் 40 சதவீதம் வரை இருக்கும். அதில் பெரும்பகுதி லினோலெயிக் அமிலம். மற்றது ஆவியெண்ணெய். அது பெரும்பாலும் 1 சதவீதத்தை ஒட்டிய மிகச் சிறிய பங்கு. அந்தச் சிறிய பங்குக்குள்தான் தைமோகுயினோன் இருக்கிறது. நல்ல விதையில் ஆவியெண்ணெயின் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேலும் இருக்கக்கூடும், பழைய விதையில் மிகக் குறைவாகவும் இருக்கலாம்.

அதன் மூலக்கூறில் 10 காபன் அணுக்களும் 12 ஐதரசன் அணுக்களும் 2 ஒட்சிசன் அணுக்களும் உள்ளன. தூய நிலையில் மஞ்சள் நிறப் பளிங்காகக் காணப்படும். 45 பாகை செல்சியஸ் அளவில் உருகிவிடும். 1963ஆம் ஆண்டில் எகிப்திய ஆய்வாளர் ஒருவர் கருஞ்சீரக எண்ணெயிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். நீரில் மிகக் குறைவாகவே கரையும் என்பதும், வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும் என்பதும் இதன் இரு முக்கிய குணங்கள். இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வாங்குவது, அவித்துக் குடிப்பது பற்றிய கேள்விகளில் இவை மீண்டும் வரும்.

அப்ப ஓமத்திலயும் பெருஞ்சீரகத்திலயும் இந்தச் சத்து இல்லையா?

இல்லை. ஓமத்தின் காரத்துக்குக் காரணம் தைமோல். அது வேதியியல் அமைப்பில் தைமோகுயினோனுக்கு நெருங்கிய உறவு, ஆனால் அதே பொருள் அன்று. பெருஞ்சீரகத்தின் இனிப்பு மணம் அனித்தோல் என்பதாலும், சின்னச்சீரகத்தின் மணம் கியூமினல்டிகைட் என்பதாலும், கொத்தமல்லி விதையின் மணம் லினலூல் என்பதாலும் வருகின்றன. கருஞ்சீரகம் கிடைக்கவில்லையென்று ஓமத்தை அதே நோக்கத்துக்காகச் சாப்பிடுவதில் பொருளில்லை. ஓமத்துக்கு அதற்கே உரிய வேலை இருக்கிறது.

உடம்புக்குள்ள போய் அது என்னதான் செய்யுது?

ஆய்வுகூடத்தில் கண்டறியப்பட்டவை பல. அழற்சியைத் தூண்டும் பொருட்களை உடல் உற்பத்தி செய்வதற்குத் தேவையான சில நொதியங்களைத் தைமோகுயினோன் தடுக்கிறது. இலத்திரன்களை ஏற்றும் விடுத்தும் இரு வடிவங்களுக்கிடையே மாறக்கூடியதாக இருப்பதால், குறைந்த அளவில் உயிரணுக்களை ஒட்சியேற்றப் பாதிப்பிலிருந்து காக்கிறது. மிகக் கூடிய அளவில் அதே பொருள் அப்பாதிப்பை உண்டாக்கவும் செய்கிறது. தைமோகுயினோன் மூலக்கூறுகள் இரண்டு இணைந்த வடிவமான நைஜெல்லோன், ஒவ்வாமையின்போது வெளியாகும் ஹிஸ்டமினைக் கட்டுப்படுத்துவதாகவும் சோதனைகள் காட்டியுள்ளன.

இவற்றில் பெரும்பாலானவை கண்ணாடிக் கிண்ணத்திலுள்ள உயிரணுக்களிலும் எலிகளிலும் கண்டவை என்பதை மறந்துவிடக்கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 கிராம் விதைத்தூளில் ஆவியெண்ணெய் 1 சதவீதம் என்றால் 20 மில்லிகிராம். அதில் மூன்றில் ஒரு பங்கு தைமோகுயினோன் என்றால் கிடைப்பது 7 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. எலிகளுக்கோ ஒரு கிலோ உடல்நிறைக்கு 10 மில்லிகிராம் என்ற அளவில் தூய தைமோகுயினோன் கொடுப்பது ஆய்வுகளில் சாதாரணம். எலிக்கான அளவை மனிதருக்கு மாற்றும் வழமையான கணக்கின்படி அது 60 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம் ஆகும். அதாவது நாம் சாப்பிடும் ஒரு கரண்டியில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். எலியில் ஈரல் காப்பாற்றப்பட்டது, கட்டி கரைந்தது என்று கைப்பேசியில் வரும் செய்திகளைப் படிக்கும்போது இந்த இடைவெளியைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

சீனி வருத்தத்துக்கு உண்மையிலேயே கேக்குமா?

ஓரளவுக்குக் கேட்கும். சவூதி அரேபியாவில் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வொன்றில், இரண்டாம் வகை நீரிழிவுள்ள 94 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, நாளொன்றுக்கு 1, 2, 3 கிராம் என்ற அளவுகளில் கருஞ்சீரகத்தை மூன்று மாதங்களுக்கு எடுத்துக்கொண்டனர். 2 கிராம் எடுத்தவர்களுக்கு வெறுவயிற்றுச் சீனி அளவும், எச்பிஏ1சி என்று கிளினிக்கில் பார்க்கும் மூன்று மாதச் சராசரியும் தெளிவாகக் குறைந்தன. 1 கிராம் எடுத்தவர்களிடம் சிறிய முன்னேற்றம் மட்டுமே காணப்பட்டது. 3 கிராம் எடுத்தவர்களுக்கு 2 கிராமைவிடக் கூடிய பயன் கிடைக்கவில்லை. பின்னர் வேறு நாடுகளில் நடந்த சிறிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் சீனி அளவில் மிதமான குறைவு தெரிந்தது.

இங்கே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். 94 பேரும் வைத்தியர் கொடுத்த மாத்திரைகளை விடாமல் எடுத்துக்கொண்டே கருஞ்சீரகத்தையும் எடுத்தவர்கள். கருஞ்சீரகம் அவர்களுக்கு மேலதிகமாகக் கொடுக்கப்பட்ட ஒன்று.

அப்ப மெட்ஃபோமினை நிப்பாட்டிப்போட்டு இத மட்டும் சாப்பிட்டா என்ன?

நிறுத்தக்கூடாது. எகிப்தில் புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்டவர்களில் ஒரு சாராருக்குக் கருஞ்சீரக எண்ணெயும் மறு சாராருக்கு மெட்ஃபோமினும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சீனி அளவைக் கூடுதலாகக் குறைத்தது மெட்ஃபோமினே. மாத்திரையை விட்டுவிட்டுக் கருஞ்சீரகத்தை நம்பியிருப்பவருக்கு முதல் சில வாரங்களில் ஒன்றும் தெரியாது. சீனி 250ஐத் தாண்டியும் பலருக்கு உடல் நன்றாகவே இருப்பதுபோலத் தோன்றும். கால் விறைப்பதும், புண் ஆறாமல் போவதும், கண்பார்வை மங்குவதும் தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். ஆறாத காற்புண்ணுக்குப் பூசும் மருந்து கேட்டு வருபவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், கிளினிக் மருந்தை விட்டுப் பல மாதங்கள் ஆனவர்கள் அவர்களிடையே இருப்பதை அறிய முடிகிறது. இதைவிட எனக்கு மனவருத்தம் தரும் ஒன்று இந்தத் தொழிலில் இல்லை.

இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ பாவிப்பவர்களுக்கு மறுபக்க ஆபத்தும் உண்டு. அந்த மருந்தோடு கருஞ்சீரகமும் சேர்ந்து சீனியைக் கீழே இறக்கிவிடக்கூடும். வியர்வை, நடுக்கம், தலைச்சுற்று, காரணமில்லாத பதற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே சீனி கரைத்த தண்ணீர் குடித்து, பின்னர் வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும்.

தேனில குழைச்சுத்தானே சாப்பிட வேணும்? மகாஓயாப் பக்கத்துக் காட்டுத்தேன் வெச்சிருக்கன்.

நீரிழிவு இல்லாதவருக்குத் தேன் தடையில்லை. நீரிழிவு உள்ளவர் ஒரு மேசைக்கரண்டி தேனில் குழைத்தால், கருஞ்சீரகத்தோடு ஏறத்தாழ 17 கிராம் சீனியையும் சேர்த்தே விழுங்குகிறார். காட்டுத்தேன் என்பதால் அந்தச் சீனி குறைந்துவிடாது. தயிரில் கலந்தோ, உணவோடு மென்றோ சாப்பிடலாம். தேனில்லாவிட்டால் கருஞ்சீரகம் வேலை செய்யாது என்பதற்கு ஆதாரமில்லை. மேலே சொன்ன சவூதி ஆய்வில் கருஞ்சீரகம் கூடுகளில் (கப்சூல்) அடைத்தே கொடுக்கப்பட்டது.

பிரஷருக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் எப்படி?

2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 11 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, ஏறக்குறைய எட்டு வாரப் பாவனையில் மேல் அளவு 3 புள்ளிகளும் கீழ் அளவு கிட்டத்தட்ட அதேயளவும் குறைவதாகக் கண்டது. 160 உள்ள ஒருவருக்கு 157 ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பைக் குறைப்பதால் கிடைக்கும் பயன் இதைவிடக் கூடுதலாக இருக்கலாம்; கருவாடும் ஊறுகாயும் தினமும் தட்டில் இருக்கும் கரையோர ஊர்களில் முதலில் அதைப் பார்ப்பதே நல்லது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் அளவிலும் மிதமான குறைவு பல ஆய்வுகளில் தெரிகிறது. மாரடைப்பையோ பாரிசவாதத்தையோ கருஞ்சீரகம் தடுத்ததாக எந்த ஆய்வும் நிறுவியதில்லை.

தொய்வு, தும்மல், மூக்கால ஒழுகிறது இதுகளுக்குக் குடுக்கலாமா?

ஒவ்வாமையால் வரும் தும்மலுக்கும் மூக்கடைப்புக்கும் பயன் இருப்பதாகச் சிறிய ஆய்வுகள் சில சொல்கின்றன. தொய்வு (ஆஸ்துமா) உள்ள 80 பேரிடம் நான்கு வாரம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், வழமையான மருந்தோடு கருஞ்சீரக எண்ணெய்க் கூடுகளையும் எடுத்தவர்களுக்கு நோய் சற்றுக் கூடுதலாகக் கட்டுப்பட்டது. ஹிஸ்டமினைப் பற்றி மேலே சொன்னது இதற்கு ஒரு விளக்கமாகலாம்.

மூச்சு முட்டும் நேரத்தில் இது பயன்படாது. அப்போது உறிஞ்சு மருந்தும் (இன்ஹேலர்) வைத்தியசாலையுமே உயிரைக் காக்கும். சிறுபிள்ளைகளின் மூக்கில் எண்ணெய் விடுவதை முற்றாகத் தவிர்க்க வேண்டும். எண்ணெய் சுவாசப்பைக்குள் இறங்கினால் கடுமையான நியூமோனியா ஏற்படும்.

விதை நல்லதா, எண்ணெய் நல்லதா, கூட்டுக்குள்ள வாற மருந்து நல்லதா?

நான் விதைக்கே முதலிடம் கொடுப்பேன். விலை குறைவு, கலப்படம் செய்தால் கண்ணும் மூக்கும் கண்டுபிடித்துவிடும், தேவையானபோது அரைத்துக்கொள்ளலாம். மென்றோ அரைத்தோ சாப்பிட வேண்டும். முழு விதையை அப்படியே தண்ணீரோடு விழுங்கினால் அதன் தடித்த தோல் பல வேளைகளில் உடையாமலே வெளியேறிவிடும்.

எண்ணெயில் சிக்கல் கூடுதல். இரு போத்தல்களில் ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே இருக்கும் தைமோகுயினோன் அளவு பல மடங்கு வேறுபடலாம். விதை எந்த நாட்டினது, எத்தனை காலம் பழையது, சூடேற்றிப் பிழிந்ததா, எவ்வளவு காலம் வெளிச்சத்தில் இருந்தது என்பவை எல்லாம் அதைத் தீர்மானிக்கின்றன. வெள்ளைக் கண்ணாடிப் போத்தலில், வெயில் படும் கடைமுகப்பில் மாதக்கணக்கில் இருந்த எண்ணெயில் தைமோகுயினோன் பெரிதும் குறைந்திருக்கும். கருங்கண்ணாடிப் போத்தலும், தயாரித்த திகதியும், தைமோகுயினோன் எத்தனை சதவீதம் என்ற குறிப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். "சுத்தமானது", "நூறு வீதம்" என்ற சொற்கள் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தால், அவை அளவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று கொள்ளுங்கள். சூரியகாந்தி எண்ணெய் கலந்தவையும் சந்தைக்கு வருகின்றன. கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிப்பது எளிதன்று.

கூடுகளாக வருபவற்றில் ஒன்றில் எத்தனை மில்லிகிராம் என்று தெரிவதால் அளவைக் கணக்கிட வசதி உண்டு. ஆனால் 500 மில்லிகிராம் என்பது அதிலுள்ள எண்ணெயின் நிறை, தைமோகுயினோனின் நிறை அன்று. இந்த வேறுபாடு தெரியாமல் பலர் ஏமாறுகின்றனர்.

அவிச்சுக் குடிக்கலாமா? கொத்தமல்லித் தண்ணியோட சேர்த்து அவிக்கிற நாங்க.

குடிக்கலாம், தீங்கில்லை. தைமோகுயினோன் நீரில் மிகக் குறைவாகவே கரையும் என்பதையும், அது ஆவியோடு போகும் எண்ணெயில் இருக்கிறது என்பதையும் இரண்டாவது கேள்வியில் சொல்லியிருக்கிறேன். மூடாமல் நெடுநேரம் கொதிக்கவைத்தால் வீடு முழுவதும் மணக்கும், குவளையில் மிஞ்சுவது கொஞ்சம். தடிமனுக்குச் சுகமான பானம் வேண்டுமென்றால் அது போதும். சீனி வருத்தத்துக்காக எடுப்பவர் அரைத்த விதையை உணவோடு சாப்பிடுவதே பொருத்தம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு? எத்தனை நாளைக்கு?

ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்பட்டது நாளொன்றுக்கு 1 முதல் 3 கிராம் விதைத்தூள், எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள். தட்டையாக நிரப்பிய ஒரு தேக்கரண்டி விதை ஏறக்குறைய 2.5 கிராம் நிறையிருக்கும். ஆகவே முக்கால் தேக்கரண்டி போதும். வெறுவயிற்றில் எடுத்தால் சிலருக்கு வயிற்றெரிவும் குமட்டலும் வரும். சாப்பாட்டோடு எடுத்தால் இது பெரும்பாலும் குறையும். கறியிலும் ஊறுகாயிலும் ரொட்டியிலும் மணத்துக்காகச் சேர்ப்பதற்கு இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை. அது உணவு.

கடையில வாங்கிற விதை அசல்தான் எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிற?

நம் சந்தைக்கு வருவது பெரும்பாலும் இறக்குமதி. அசல் விதை மங்கிய கறுப்பாக, மூன்று நான்கு விளிம்புகள் கொண்டதாக, கைக்குச் சொரசொரப்பாக இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே வெண்மை தெரியும். நசுக்கினால் மிளகும் ஓமமும் சேர்ந்தது போன்ற மணம் வரும். வெங்காய விதை பார்வைக்கு மிகவும் ஒத்திருக்கும். நசுக்கினால் அந்த மணம் இராது. எள்ளு தட்டையாக வழுவழுப்பாக இருப்பதால் எளிதில் பிரித்தறியலாம்.

கார்த்திகை தொடங்கித் தை வரை நம் மாவட்டங்களில் பெய்யும் மாரியில் காற்றின் ஈரம் எல்லாச் சரக்கையும் கெடுத்துவிடும். பூஞ்சணம் பிடித்த விதையைக் கழுவிக் காயவைத்துப் பாவிக்கக்கூடாது. பூஞ்சணத்தின் நச்சு கழுவினால் போவதில்லை. மாரிக்கு முன்னர் கொஞ்சமாக வாங்கி, இறுக மூடிய போத்தலில் இருட்டான இடத்தில் வையுங்கள். தூளாக வாங்குவதைத் தவிருங்கள். அரைத்த விதையிலிருந்து ஆவியெண்ணெய் விரைவாகப் போய்விடும்.

மரணத்தைத் தவிர எல்லாத்துக்கும் மருந்து எண்டு ஹதீஸில வந்திருக்கு. நீங்க அளவு, பக்கவிளைவு எண்டு சொல்றது சரியா?

இதைக் கேட்பவர்கள் நம்பிக்கையோடு கேட்கின்றனர். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். அந்த நபிமொழி ஸஹீஹுல் புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. அதற்கு விரிவுரை எழுதிய முற்கால அறிஞர்களே அதை ஆழமாக ஆராய்ந்துள்ளனர். எல்லா நோய்க்கும் என்பது பொதுவான சொல்லால் குறிப்பிட்ட சில நோய்களைச் சுட்டும் வழக்கு என்று அல்-கத்தாபி விளக்கியதை இப்னு ஹஜர் தமது புகாரி விரிவுரையில் எடுத்துக் காட்டுகிறார். அதே இடத்தில் வரும் நிகழ்ச்சியில், நோயுற்ற ஒருவருக்காக ஐந்து அல்லது ஏழு விதைகளை எடுத்து அரைத்து எண்ணெயோடு சேர்த்துப் பாவிக்கும்படி சொல்லப்படுகிறது. அங்கே எண்ணிக்கையும் இருக்கிறது, செய்முறையும் இருக்கிறது.

மருத்துவம் செய்துகொள்ளுமாறு கட்டளையிடும் நபிமொழிகளும் இருக்கின்றன. கருஞ்சீரகத்தை எடுப்பதற்காக இன்சுலினை விட வேண்டும் என்று அவற்றில் எங்கும் சொல்லப்படவில்லை. மார்க்க விளக்கத்தை உங்கள் ஊர் மௌலவிமாரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேன்சருக்கு இதுதான் மருந்து, டொக்டர்மார் மறைக்கிறாங்க எண்டு வீடியோ வந்திச்சே?

யாரும் மறைக்கவில்லை. தைமோகுயினோன் புற்றுநோய் உயிரணுக்களைக் கொல்வதாகக் காட்டும் ஆய்வுக்கூடக் கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் வெளிப்படையாகக் கிடக்கின்றன. கிண்ணத்தில் உயிரணுக்களைக் கொல்லும் பொருட்கள் ஆயிரக்கணக்கானவை. அவற்றில் மனிதருக்கு மருந்தாவது மிகச் சில. முற்றிய புற்றுநோயுள்ளவர்களுக்குத் தூய தைமோகுயினோனையே கொடுத்துப் பார்த்த முதற்கட்ட ஆய்வொன்று 2009இல் வெளியானது. நாளொன்றுக்குக் கிராம் கணக்கில் கொடுத்தபோதும் நோயாளர்கள் அதைத் தாங்கிக்கொண்டார்கள். ஆனால் கட்டிகள் சுருங்கவில்லை.

சிகிச்சை நடக்கும் காலத்தில் கருஞ்சீரகக் கூடுகளைத் தாமாகவே எடுப்பது கீமோ மருந்தின் வேலையைக் குழப்பக்கூடும். ஆரம்ப நிலையில் கண்டறியப்பட்ட மார்புக்கட்டியோடு, அறுவைச்சிகிச்சையைத் தள்ளிப்போட்டு எண்ணெய் குடித்துக்கொண்டிருப்பவர் தாம் குணமாகக்கூடிய காலத்தை இழக்கிறார். அப்படியொருவர் உங்கள் வீட்டிலோ அயலிலோ இருந்தால், தயவுசெய்து அவரை அழைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள்.

வயித்தில பிள்ளை இருக்கிறவங்களுக்கும், பிள்ளை பெத்தவங்களுக்கும்?

கர்ப்பிணித் தாய்மார் கறியில் வரும் அளவைத் தாண்டக்கூடாது. கர்ப்பப்பையின் தசைகளில் இதன் எண்ணெய் செயற்படுவதாக விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. பாதுகாப்பான அளவு எதுவென்று நிறுவப்படவில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கும் காயச்சரக்கில் சிறிதளவு சேர்ப்பது பல குடும்பங்களில் வழக்கம். அதைத் தடுக்க நான் காரணம் காணவில்லை. எண்ணெய்க் கூடுகளை எடுப்பதாயின் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ கேட்டுச் செய்யுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேனில் குழைத்துக் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பக்டீரியா அந்த வயதில் உயிராபத்தான நோயை உண்டாக்கும்.

வேற என்ன மருந்து எடுக்கிறவங்க கவனமா இருக்க வேணும்?

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் முதலில். ஈரலில் மருந்துகளை உடைக்கும் சில நொதியங்களின் வேகத்தைக் கருஞ்சீரகம் குறைப்பதால், அம்மருந்துகளின் அளவு இரத்தத்தில் கூடக்கூடும். இருதய வால்வு மாற்றி வார்ஃபரின் எடுப்பவருக்கு இது சின்ன விடயமல்ல. சிறுநீரகம் மாற்றியவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின், டக்ரோலிமஸ் போன்றவற்றின் அளவு சிறிதளவு மாறினாலும் ஆபத்து. அவர்கள் மருந்தளவில் இதைத் தொடவே கூடாது. அறுவைச்சிகிச்சைக்குத் திகதி குறிக்கப்பட்டவர்கள் இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்.

சிறுநீரகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கருஞ்சீரகக் கூடுகளை எடுத்த பின்னர் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததாக மருத்துவ இதழ்களில் ஓரிரு நோயாளர் பற்றிய பதிவுகள் உள்ளன. அரிதானவைதான். ஆனாலும் அம்பாறையின் தெஹியத்தகண்டிய போன்ற பகுதிகளில் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் பலரைப் பீடித்துள்ளது. நீரிழிவால் சிறுநீரகம் பழுதடைந்தவர்களோ எல்லா ஊர்களிலும் இருக்கின்றனர். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் அளவு இரத்தத்தில் கூடியிருப்பவர்கள் வைத்தியர் அனுமதிக்காமல் எடுக்க வேண்டாம்.

தலைமுடி கொட்டுறதுக்குப் பூசலாமா?

பூசலாம், ஆனால் முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி இரண்டு நாள் பாருங்கள். தைமோகுயினோன் தோலில் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது. எண்ணெய் பூசிய இடத்தில் சிவந்து கொப்புளித்தவர்கள் உண்டு. காசு கொடுத்து வாங்கிய போத்தல் என்பதற்காக, அரிப்பு வந்த பின்னரும் தொடர்ந்து பூச வேண்டாம்.

கிளினிக்கில சொன்னா டொக்டர் ஏசுவார். சொல்லாம எடுத்தா என்ன?

சொல்லாமல் எடுத்தால், உங்கள் சீனி குறைந்ததற்கு மாத்திரை காரணமா கருஞ்சீரகம் காரணமா என்று அவருக்குத் தெரியாமல் போகும். மருந்தின் அளவைத் தவறாக மாற்றிவிடுவார். போத்தலையோ விதைப் பொட்டலத்தையோ கையில் கொண்டுபோய், எவ்வளவு எடுக்கிறீர்கள், எப்போது தொடங்கினீர்கள் என்ற இரண்டையும் சொன்னால் போதும். மாத்திரையை நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரும்பாலான வைத்தியர்கள் அஞ்சுவது நோயாளி மாத்திரையை நிறுத்திவிடுவாரோ என்றுதான். தொடங்குவதற்கு முன் ஒருமுறையும், மூன்று மாதம் கழித்து ஒருமுறையும் எச்பிஏ1சி பார்த்தால் உங்களுக்குப் பயன் இருக்கிறதா என்பது ஊகமாக இல்லாமல் எண்ணாகத் தெரியும்.

மூணு மாசம் ஒழுங்கா எடுத்தும் சீனி குறையேல்ல. அளவைக் கூட்டிப் பாக்கட்டா?

கூட்ட வேண்டாம். சவூதி ஆய்வில் 3 கிராம் எடுத்தவர்களுக்கு 2 கிராமைவிட மேலதிகப் பயன் கிடைக்கவில்லை என்று மேலே சொன்னேன். 5 கிராம் எடுத்தால் வயிற்றெரிவும், மருந்துகளோடு முரண்படும் ஆபத்தும்தான் கூடும். விதை பழையதா, அரைத்து நெடுநாள் வைத்த தூளா, தேனில் குழைக்கிறீர்களா, மாத்திரைகள் தவறாமல் போகின்றனவா என்று பாருங்கள். அவை எல்லாம் சரியாக இருந்தும் எண் மாறவில்லையென்றால், கருஞ்சீரகம் உங்கள் உடலுக்குக் கேட்கவில்லை. அதைக் கறிக்கு வைத்துக்கொண்டு, அடுத்த கிளினிக் திகதி வரை காத்திராமல் மாத்திரையின் அளவைப் பற்றி வைத்தியரிடம் பேசுங்கள்.